விட்டுப்போன ஆம்

வெள்ளை மூடி முதலில், பத்து நிமிடம் கழித்து ரோஸ் மூடி. நர்ஸ் மூன்று தடவை சொன்னாள், நானும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல மூன்று தடவை திருப்பிச் சொன்னேன். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து, குப்பியின் நுனி கண்ணில் படாமல், ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று. விட்டாயிற்று. அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "விழுந்துச்சா?" என்றான். "விழுந்துச்சு." "உள்ளதானே?" "உள்ளதான் அண்ணே." இனி பத்து நிமிடம் அவன் கண்ணைத் திறக்க மாட்டான். கூடத்துச் சுவரில் கடிகாரம் பத்து பத்து காட்டுகிறது. நாடாக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறான், நெஞ்சின் மேல் கறுப்புக் கண்ணாடி ஏறி இறங்குகிறது, எழுபத்தைந்து வயது நெஞ்சு, நரைத்த முடி பனியனுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. பத்து நிமிடம் எனக்குப் போதும். நான் சொல்ல வந்தது நாலு வாக்கியம்தான். நேற்று ராத்திரி படுக்கையில் சொல்லிப் பார்த்தேன், காலையில் பஸ்ஸில் உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தேன், கண்டக்டர் டிக்கெட் எங்கே என்று கேட்டபோது கிட்டத்தட்ட அவரிடமே சொல்லியிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டிருக்கும் மனிதனிடம் சொல்வது சுலபம் என்று நினைத்துத்தான் இந்தப் பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தேன். முகம் இல்லாமல் குரல் மட்டும். அதுதானே என் தொழில், முப்பத்தாறு வருஷம். இமைக்கு அடியில் அவன் கண் உருள்வது தெரிகிறது, துணிக்கடியில் எலி ஓடுவதுபோல. மருந்து எரிகிறதா என்று கேட்கலாம். அதைக் கேட்டால் ஒரு நிமிடம் போகும். கேட்கவில்லை. "போனை வெச்சுட்டியா?" என்று அவன் கேட்கிறான். "வெச்சுட்டேன்." "அரிசிக்கு மேலயா, உள்ளயா?" "உள்ள புதைச்சுட்டேன் அண்ணே." சமையலறையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அண்ணியின் குரல் வருகிறது: "ஊரு உலகத்துல நனைஞ்ச போனத்தான் அரிசியில போடுவாங்க வேதா. இந்த வீட்லதான் காது கேக்குற போனப் போடுறோம்." அண்ணன் சிரிக்கவில்லை. கேக்குறது தெரியாம சோறு வடிக்கிறவளுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுக்கிறான். நான் சிரித்தேன். எப்போதும் சிரிப்பவர்கள் பக்கத்தில்தான் நான் இருந்திருக்கிறேன். அதுவும் நாலு வாக்கியத்தில் சேருமா? சேர்த்தால் ஐந்து.

அவன் இந்தக் கண்ணுக்கு அறுவை செய்ய இரண்டு வருஷம் சம்மதிக்கவில்லை. உள்ளே வைக்கிற லென்ஸில் கம்ப்யூட்டர் சிப்பு இருக்கிறது என்றான். நீ எதைப் பார்க்கிறாயோ அதை அவனும் பார்ப்பான். யார் அந்த அவன் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவான். தெருவிளக்கை மாற்றினார்களே, வெள்ளை வெளிச்ச விளக்கு, அதன் கழுத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, அது கேட்கிறது. ஓட்டு மெஷினில் எதை அமுக்கினாலும் ஒன்றில்தான் விழுகிறது. பாக்கெட் உப்பில் மறதிக்கு மருந்து கலக்கிறார்கள், அதனால்தான் ஜனங்கள் எல்லாவற்றையும் மறந்துபோகிறார்கள். கல்லுப்பு மட்டும்தான் இந்த வீட்டில். முதலில் இப்படி இல்லை. முதலில் அவன் பேச்சில் ஒரு வால் இருந்தது. கலக்குறாங்களாம் என்றுதான் சொன்னான். கேக்குதாம், பாக்குறானாம், மாத்திட்டாங்களாம். அந்த 'ஆம்' ஒட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் பயமில்லை, மனிதன் கதவைச் சாத்தாமல் வைத்திருக்கிறான் என்று அர்த்தம், நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், வேண்டுமானால் நீயும் ஒரு வார்த்தை சொல் என்று அர்த்தம். எத்தனை பெரிய தமிழ், ஓரெழுத்தும் ஒரு ஒற்றும். தனியாக நின்றால் உண்மை என்று சத்தியம் செய்யும். அதே ஆம் இன்னொரு சொல்லின் வாலில் போய் ஒட்டிக்கொண்டால் எனக்குத் தெரியாது என்று கையை விரிக்கும். பி.ஏ. தமிழ் படிக்கையில் விடுதி மொட்டைமாடியில் இதை நினைத்து நினைத்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். ஒரே வார்த்தைக்குள் சாட்சியும் வதந்தியும் குடியிருக்கின்றன, அண்டை வீட்டார்போல. அண்ணனின் பேச்சிலிருந்து அந்த வால் எந்த வருஷம் உதிர்ந்தது என்று எனக்கு நினைவில்லை, பல் விழுவதுபோல ஒவ்வொன்றாக விழுந்திருக்க வேண்டும். ஒருநாள் பார்த்தால் கலக்குறாங்க. கேக்குது. பாக்குறான். பெங்களூரிலிருந்து அவன் மகன் பேசும்போதெல்லாம் "அப்பாவ ஒரு டாக்டர்கிட்ட காட்டணும் அத்த, கண்ணு டாக்டர் இல்ல" என்கிறான். நானும் "ஆமாப்பா" என்கிறேன். கடைசியில் கண்ணுக்கு அவன் சம்மதித்தது ஒரே நிபந்தனையில்: "மருந்து விடுறது கொடிதான். வேற யாரும் என் கண்ணுகிட்ட கைய கொண்டாரக் கூடாது." பெற்ற பிள்ளையை நம்பவில்லை, நாற்பத்தாறு வருஷம் சோறு போட்டவளை நம்பவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை இரண்டு தெரு தள்ளியிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன், நேற்று மட்டும் மகள் வீட்டில் தங்கிவிட்டு இன்று காலை பஸ்ஸில் வருகிறேன். நேற்று முழுக்க அவன் மருந்து விட்டுக்கொள்ளவே இல்லையாம். அண்ணி சொன்னாள். பார், நானும் ஆம் போடுகிறேன்.

பத்து பன்னிரண்டு. கொடி. அவன் ஒருவன்தான் என்னை அப்படிக் கூப்பிடுகிறான். அப்பா வைத்த பெயர் வேதவல்லி, அவனுக்கு சபாபதி. பதினேழு வயதில் கட்சிக்குப் போனவன் முதல் வேலையாக வீட்டில் எல்லோருடைய பெயரையும் தமிழாக்கினான். சபாபதி அவைக்கோ ஆனான். வேதவல்லியை மறைக்கொடி ஆக்கினான். வேதம் என்றால் மறை, வல்லி என்றால் கொடி, சரியாகத்தான் பெயர்த்தான், இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மறை என்றால் ஒளித்து வை என்றும் ஓர் அர்த்தம் இருப்பதை அன்றைக்கு நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அவனுடைய சிநேகிதர் மாசிலாமணிதான் சொன்னார், அண்ணனுக்கு அவர் வெறும் மணி. "என்னப்பா, தங்கச்சிக்கு ஒளிஞ்சுக்கோன்னு பேரு வெச்சிருக்கே." ஆரம்பப் பள்ளி வாத்தியார், குட்டையாக, மூக்குப்பொடி வாசனையோடு, எதையும் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்த பிறகு அண்ணன் குமாஸ்தாவாக இருந்த அரிசி மில்லிலிருந்து போன் சுற்றுவார். மில்லின் நம்பர் முப்பத்திரண்டு. யாராவது கைப்பிடியைச் சுற்றினால் போர்டில் அந்த நம்பருக்கு மேலே ஒரு சின்னத் தகடு டக்கென்று விழும். விழுந்ததும் கார்டை, அந்தக் கம்பி வடத்தை, அதன் துளையில் செருகி, நம்பர் ப்ளீஸ் என்பேன். "நம்பர் ப்ளீஸ்னு சொல்லாதம்மா, எண் தருக அப்படின்னு சொல்லு" என்பார். எண் தருக என்று ஒருநாள் சொன்னேன். பின்னால் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் ரோஸ்லின் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தத் தகடு விழும் சத்தம் இப்போதும் சில சமயம் கனவில் கேட்கும். எந்த நம்பர் என்று பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். எந்த நம்பர் என்று எனக்குத் தெரியாதா என்ன.

நெருக்கடி நிலை வந்து ஏழெட்டு மாதம், இங்கே ஆட்சியைக் கலைத்து இரண்டு வாரம். கட்சிக்காரர்களை வீடு வீடாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி அண்ணன் எங்கேயோ ஒளிந்திருந்தார். எக்ஸ்சேஞ்சுக்கு ஒருவர் வந்து உட்கார ஆரம்பித்தார், சாதாரணச் சட்டை, கடலைப் பொட்டலம், யாரிடமும் பேச மாட்டார், ஓடு உரித்துக்கொண்டே இருப்பார். ரோஸ்லின் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுப் போய்ச் சொன்னார்: "முப்பத்திரண்டுல பேசுறதக் கேட்டு எழுதிக் கொடுத்துடு. கேக்குறத எழுது, நெனைக்கிறத எழுதாத. ஒனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல பாரு." முப்பத்திரண்டில் என் அண்ணன் இருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு ஒருத்தியை உட்கார வைப்பார்கள், அவள் அண்ணன் பெயரையும் சேர்த்து எழுதுவாள். நானிருந்தால் அவனையாவது காப்பாற்றலாம். அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒருவேளை வெறுமே பயந்திருப்பேன். இருபத்திரண்டு வயது மனம் எழுபத்தொரு வயது மனத்துக்கு அயல்வீடு, சுவரில் காதை வைத்துக் கேட்பதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தகடு விழுந்தது. ஜங்ஷனில் ஒரு தையற்கடைக்கு லைன் போட்டுக் கொடுத்தேன். போட்டுவிட்டு, வழக்கமாகப் போர்டிலுள்ள சாவியைத் தள்ளிவிட்டு லைனிலிருந்து வெளியே வந்துவிடுவோம், அன்றைக்கு வரவில்லை. அண்ணன் குரல். வீட்டில் கேட்கிற குரல் இல்லை, கம்பிக்குள் எல்லோருக்கும் கொஞ்சம் மூக்கடைத்த குரல் வந்துவிடும். "ஞாயித்துக்கிழமை காலையில மணி ஐயனார் கோயில் பம்புசெட்டுக்கு வர்றானாம். சாப்பாடு கொடுத்தனுப்புங்க." அவ்வளவுதான். பென்சிலை எடுத்தேன். இரண்டு விஷயத்தை விட்டுவிட்டு எழுதினேன். சொன்னது யார் என்பதை எழுதவில்லை, அது தெரிந்தே விட்டது. இன்னொன்று தெரியாமல் விட்டது. தமிழ் படித்தவள் அல்லவா, பேச்சை அப்படியே எழுதக் கை வரவில்லை, எழுத்துத் தமிழாக்கினேன்: ஞாயிறு காலை மாசிலாமணி ஐயனார் கோயில் பம்புசெட்டுக்கு வருகிறார். எழுத்துத் தமிழில் அந்த ஆம் எங்கேயும் ஒட்டாது, அழுக்குபோலத் தெரியும். வருகிறார். முற்றுப்புள்ளி வைத்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்ததாக ஞாபகம். அந்த ஆள் வாங்கிப் பார்த்துவிட்டுக் கடலைத் தாளோடு சேர்த்து மடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலுக்கு வெளியே எதையோ கசக்கி எறிந்தார்.

அது கடலைத் தாளா, என் சீட்டா, இரண்டுமா? சனிக்கிழமை காலையில் வேலைக்குப் போகும்போது ஜன்னலுக்குக் கீழே தேடினேன். கடலை ஓடுகள் கிடந்தன, தாள் இல்லை. ஆடு தின்றிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பம்புசெட்டில் வைத்துத்தான் பிடித்தார்கள். சாப்பாடு கொண்டுபோன பையனைப் பின்தொடர்ந்து போனார்கள் என்று ஒரு பேச்சு, தையற்கடைக்காரன் சொல்லிவிட்டான் என்று ஒரு பேச்சு. வர்றானாம் என்று எழுதியிருந்தால் போயிருக்க மாட்டார்களா? இரண்டெழுத்துக்காக ஜீப் நிற்குமா? நான்தான் காரணம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா, அல்லது அண்ணன் தெருவிளக்கைப் பார்ப்பதுபோல நான் அந்தச் சீட்டைப் பார்க்கிறேனா, எல்லாவற்றுக்கும் நடுவில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு பென்சிலை உட்கார வைத்துக்கொண்டு? குற்றத்திலும் ஒரு பெருமை இருக்கிறது, நம்மால்தான் நடந்தது என்று நினைத்துக்கொள்வது. எதனாலும் நடக்கவில்லை, சும்மா நடந்தது என்று நினைப்பதுதான் தாங்கவில்லை. அண்ணனும் அதைத் தாங்க முடியாதவன்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும் என்று அவன் முந்திக்கொண்டான், நான் வெளியே சரியாக இருந்துவிட்டேன்.

பத்து பதினாலு. அதற்கடுத்த வாரத்தில் மீதி எல்லோரையும் பிடித்தார்கள். தையற்கடைக்காரர், மில் மெக்கானிக், தபால்காரர், ஆறு பேர். அண்ணனை மட்டும் பிடிக்கவில்லை. நான் அவன் பெயரை எழுதவில்லை என்பதால் பிடிக்கவில்லை. அல்லது பிடிக்க மறந்தார்கள். ஜெயிலுக்கு உள்ளே ஆறு பேர் உட்கார்ந்து விரல் விட்டுப் பார்த்தால் பம்புசெட்டு தெரிந்தவன் யார், வெளியே இருப்பவன் யார்? பதினோரு மாதம் கழித்து வந்தவர்கள் அண்ணன் கொண்டுபோன மாலையை வாங்கவில்லை. ரயிலடியில் கையில் மாலையோடு அவன் நின்றதை நான் பார்த்தேன். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள், நடுத்தெருவில் மாடு படுத்திருந்தால் சுற்றிப்போவதுபோல. மாலையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினான். காய்ந்து சருகாகும்வரை தொங்கியது. அம்மா எடுத்துப் போட்டபோதுதான் முதல்முதலாகக் கேட்டான்: "யாரு கொடி? யாரு சொல்லியிருப்பா?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "எனக்கெப்படிண்ணே தெரியும்" என்றேன். அந்தக் கேள்விதான் இந்த நாற்பத்தொன்பது வருஷமும். முதலில் தையற்கடைக்காரர் என்றான், பிறகு மில் முதலாளி, பிறகு தபால்காரர், பிறகு கட்சியின் மாவட்டப் புள்ளி ஒருவர், பிறகு டெல்லி, பிறகு டெல்லிக்கும் மேலே யாரோ. ஆள் கிடைக்காத குற்றம் வளர்ந்துகொண்டே போகும் போலிருக்கிறது. ஒரு ஊருக்குள் அடங்கவில்லை, தேசத்துக்குள் அடங்கவில்லை, இப்போது தெருவிளக்கிலும் உப்பிலும் இருக்கிறது. யாரோ கேட்டுக்கொண்டிருந்தான், யாரோ எழுதிக்கொண்டான், இதுதான் அவன் நம்பிக்கைகளின் அடிவேர். அந்த வேர் நிஜம். மேலே முளைத்த கிளை எல்லாவற்றையும் பார்த்து ஊர் சிரிக்கிறது. வேராக நான் உட்கார்ந்துகொண்டு கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மாசிலாமணி அண்ணனுக்கு இடது காது போய்விட்டது. ஜெயிலில் அறைந்ததில். யாரிடம் பேசினாலும் வலது பக்கத்தைத் திருப்பிக்கொள்வார், கோழி பார்ப்பதுபோல. எழுபத்தெட்டில் என்று நினைக்கிறேன், ரயில்வே கேட் போட்டிருந்தது, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், நான் வேலை முடிந்து வந்தேன். வேண்டுமென்றேதான் இடது பக்கமாகப் போய் நின்றேன். கூட்ஸ் வண்டி வந்தது. அந்த இரைச்சலில் அந்தக் காதுக்குச் சொன்னேன்: நான்தான் அண்ணே எழுதிக் கொடுத்தேன். சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வண்டி போனதும் "ஐம்பத்திரண்டு" என்றார். பிறகு, "சௌக்கியமாம்மா?" என்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அவருக்குக் கேட்டதா? முழுசாகப் போய்விட்டதாம் என்றுதான் ஊரில் சொன்னார்கள், யார் உள்ளே போய்ப் பார்த்தது? கேட்டிருந்தால், கேட்டும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருந்தால், அந்தப் பெருந்தன்மை நேராக அண்ணன் தலையில் இடியாக விழுந்தது. மூன்று வருஷத்தில் செத்துப்போனார். நேற்று அவர் மகள் செந்தாமரை போன் பண்ணினாள், ஐம்பது வயதுப் பெண், அப்பா முகம் சரியாக ஞாபகமில்லாதவள். வரும் ஞாயிற்றுக்கிழமை கட்சி ஆபீஸில் அப்பா படத்தைத் திறக்கிறார்களாம், அன்றைக்கு ஜெயிலுக்குப் போன ஏழு பேர் பெயரும் அழைப்பிதழில் போட்டிருக்கிறதாம். "பெரியப்பா வர்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காராம் அத்த. வரவேணாம்னு நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. அப்பா சாகுற வரைக்கும் அவரு பேரையே எடுக்கலையாம், அம்மா சொல்வாங்க. அதுலேயே தெரியலையா?" அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். ஒருவர் வாயைத் திறக்காததிலிருந்து. நாளைக்குள் பதில் சொல்கிறேன் என்றேன். அண்ணன் அந்த அழைப்பிதழைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். ஒரு மூலை வெளியே தெரிகிறது, கறுப்பு சிவப்பு பூச்சு. அதில் அவன் பெயர் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினானாம். கண் தெளிந்ததும் போய் மேடைக்கு முன்னால் நின்று கேட்கப்போகிறான், யாரு, சொல்லுங்க, யாரு. கூட்டம் சிரிக்கும். எனக்கு அது தெரியும். அதை மட்டும் எந்த ஆமும் இல்லாமல் தெரியும்.

பத்து பதினேழு. மூன்று நிமிடம். அண்ணி கொத்தவரங்காயை முடித்துவிட்டாள், தண்ணீர் கொதிக்கிறது. இப்போது சொன்னால் என்ன ஆகும்? கையைத் தட்டிவிடுவான், இனி மருந்து விட ஆளில்லாமல் கண் போகும். ரயிலடியில் அவனைச் சுற்றிப்போனவர்கள்போல என்னைச் சுற்றிப்போவான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் அவனுக்கு முன்னால் மேடைக்குப் போகலாம். இவர் இல்லை, நான் என்று சொல்லலாம். எழுபத்தைந்து வயதில் ஒரு மாலையை யாராவது அவன் கையிலிருந்து வாங்கிக்கொள்ளட்டும். அப்புறம் இந்தத் தெருவிளக்கு அணையலாம், உப்பு வெறும் உப்பாகலாம். ஒரு நிஜம் கிடைத்தால் ஆயிரம் பொய் உதிராதா? உதிருமா? கார்டைச் செருகிவிட்டுப் பேசாமல் இருக்கும் புது ஆபரேட்டர்போல உட்கார்ந்திருக்கிறேன்.

"அண்ணே."

"ம்."

"மணி அண்ணன் விஷயம்."

"ஞாயித்துக்கிழம போறதத் தடுக்காத கொடி. முடிவு பண்ணிட்டேன்."

"தடுக்கல. நான் சொல்றதக் கேளு. அன்னைக்கு எக்ஸ்சேஞ்சுல முப்பத்திரண்ட ஒட்டுக்கேட்டது நான்தான். நீ தையற்கடைக்குப் பேசினத எழுதிக் கொடுத்தது நான்தான். உன் பேர எழுதல. அதனாலதான் உன்ன விட்டுட்டாங்க. அதனாலதான் எல்லாரும் உன்னச் சந்தேகப்பட்டாங்க."

நாலு வாக்கியம் ஐந்தாகிவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது. அவன் நெஞ்சின் மேலிருந்த கறுப்புக் கண்ணாடி அசையவில்லை, மூச்சை நிறுத்திவிட்டான் போலிருக்கிறது. இமைக்கு அடியில் அந்த எலி ஓடாமல் நிற்கிறது. நான் அவன் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், ஓங்கப்போகும் கையை. அப்போது பார்த்து சமையலறையில் அரிசிப் பானைக்குள் போன் அடித்தது. புதைத்து வைத்த ஒலி, மண்ணுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல. செந்தாமரையாக இருக்கும், பதில் கேட்பாள். "யாரோடது அடிக்குது?" என்கிறாள் அண்ணி. அண்ணன் ஒரு விரலை மெல்ல உயர்த்தினான்.

"பாத்தியா?" என்றான் ரகசியமாக. "நீ சொல்லி வாய மூடல. அடிக்கிறான்."

"அண்ணே, அது..."

"யாரு உன்ன இப்புடிச் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லலண்ணே. நானாத்தான்."

"மிரட்டினாங்களா? பென்சன நிறுத்திடுவேன்னானா?" கண்ணை மூடியபடியே அவன் கை கட்டிலின் விளிம்பில் துழாவிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அடிக்கிற பிடி இல்லை. கொல்லைக்குப் போக நான் பயப்படும்போது துணைக்கு வந்து பிடிப்பானே, அந்தப் பிடி. "நீ சின்னப் புள்ளையிலேருந்தே பயந்தாங்கொள்ளி. உன்ன வெச்சு என் வாய அடைக்கப் பாக்குறான். ஞாயித்துக்கிழம நான் பேசக் கூடாதுல்ல?"

"என் கையால எழுதினேன் அண்ணே. பென்சில்ல."

"அப்படியா? எங்க அந்தச் சீட்டு? காட்டு."

எதற்கும் சீட்டு கேட்டதில்லை அவன். உப்புக்குக் கேட்டதில்லை, விளக்குக்குக் கேட்டதில்லை, சிப்புக்குக் கேட்டதில்லை.

"இல்லண்ணே."

"இல்லல்ல?" சிரித்தான். எவ்வளவு காலம் ஆயிற்று இவன் சிரித்து. பல்லில்லாத மேல்வரிசையோடு, அன்பாக, என் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே சிரித்தான். "நாப்பத்தொம்போது வருஷமா தேடிக்கிட்டிருக்கேன். என் வீட்டுக்குள்ள இருந்தா எனக்குத் தெரியாமப் போயிருமா? நீ பயப்படாத. நான் பாத்துக்குறேன்." பிறகு சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பிக் குரலை உயர்த்தினான். "இந்தா, கேட்டியா கூத்த? மணியக் காட்டிக்கொடுத்தது இவதானாம்!"

இவதானாம். எனக்குக் கேட்டது. அந்த ஆம் இத்தனை நாள் எங்கே கிடந்ததோ. உலகத்தில் வேறு எதற்கும் அவன் அதைக் கொடுக்கவில்லை, எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிட்டான், இருந்த ஒரே ஒன்றை எடுத்து இதன் வாலில் ஒட்டிவிட்டான். நான் விட்டதை அவன் போட்டுவிட்டான். முற்றுப்புள்ளி வைத்து எழுதியவளுக்கு இது.

"காலங்காத்தால என்ன பேச்சு இதெல்லாம்" என்றாள் அண்ணி. "மருந்து நேரமாச்சு பாரு வேதா."

பத்து இருபது. போன் அடித்து ஓய்ந்துவிட்டது. ரோஸ் மூடியைத் திருகினேன். அவன் கண்ணைத் திறந்தான், சொல்லாமலே திறந்தான், புது லென்ஸில் ஜன்னல் சின்னதாகத் தெரிந்தது, அதற்குள் என் தலை. வேறு யார் கை வந்தாலும் மூடிக்கொள்ளும் அந்தக் கண் என் விரலுக்கு அடியில் இமைக்கக்கூட இல்லை. கீழ் இமையை இழுத்தேன். குப்பியை அமுக்கினேன். சொட்டு இமையோரம் விழுந்து, நெற்றிப்பொட்டு வழியாக ஓடி, இடது காதுக்குள் போனது.

"விழுந்துச்சா?" என்றான்.

"இல்லண்ணே" என்றேன். "வெளிய போயிருச்சு."

அதை நம்பினான். மறுபடி கண்ணைத் திறந்து காட்டினான்.